அரிய நோயும் அதன் மருந்தும்

மனித உடம்பின் உறுப்புகளுள் தோல் மிகப் பெரியது. வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்து அளந்தால் அது ஏறக்குறைய 2 சதுர மீட்டர் பரப்புடையதாக இருக்கும். வெயிலும் பனியும், தூசும் நுண்ணுயிரும் முதலில் வந்து தாக்குவது அத்தோலையே. உள்ளிருக்கும் நீர் வற்றாமலும், உடலின் வெப்பம் நிலை தவறாமலும் காப்பதும் அதுவே. நாமோ தோலைப் பெரும்பாலும் அழகு கருதியே நினைக்கின்றோம். அது நம் உயிரைச் சூழ்ந்து நிற்கும் மதில் என்பதனை, அம்மதிலுக்கு ஊறு நேரும்போதுதான் உணர்கின்றோம்.

மதில் இருந்தால் மட்டும் போதுமா? அதனைக் காக்கும் வீரர்களும் வேண்டுமன்றோ? குருதியில் உலவும் வெள்ளணுக்களே அவ்வீரர்கள். காலில் முள் தைத்தால், தைத்த இடம் சிவக்கின்றது, சூடேறுகின்றது, வீங்குகின்றது, வலிக்கின்றது. இந்நான்கும் சேர்ந்த நிலையினை அழற்சி என்பர். முள்ளோடு உட்புகுந்த நுண்ணுயிர்களை அழிக்க வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரள்வதன் அடையாளமே அது. போர் முடிந்து மடிந்துபோன வெள்ளணுக்கள் சீழாகத் திரண்டு வெளியேறும்; பின்பு புண் ஆறும். ஆதலின் அழற்சி என்பது தன்னளவில் தீயதன்று. அது நம்மைக் காக்கும் செயலே. ஆனால், பகைவன் எவனும் வாராதிருக்கவே படை திரண்டு எழுந்து, தான் காக்க வேண்டிய ஊரையே கொளுத்தத் தொடங்கினால் என்னாகும்? அத்தகைய நோய்களும் உலகில் உண்டு. அவற்றுள் மிக அரிதான ஒன்றனைப் பற்றியும், அதற்கு மருந்து கண்ட வரலாற்றைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

1910-ஆம் ஆண்டில் லியோ வான் சும்புஷ் என்னும் தோல் மருத்துவர் ஓர் அண்ணன் தங்கையின் நோயைப் பற்றி விரிவாக எழுதினார். சொரியாசிஸ் என்பது தோல் தடித்துச் சிவந்து செதில் செதிலாக உதிரும் நோய். அது பலர்க்கும் வருவது. அக்காலத்து மருத்துவர் நன்கு அறிந்தது. இவ்விருவர்க்கும் வந்ததோ அவ்வளவில் நிற்கவில்லை. உடலெங்கும் திடீரெனச் செந்நிறம் பரவியது. அதன்மேல் சிறு சிறு சீழ்க்கொப்புளங்கள் எண்ணிறந்தன எழுந்தன. கடுங்காய்ச்சலும் உடன் வந்தது. கொப்புளங்கள் வற்றி உரிந்தன. ஆயினும், நாள் கழித்து நோய் மீண்டும் வந்தது. இந்நோய்க்குப் பரவிய சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் என்பது இன்று வழங்கும் பெயர்.

இந்நோய் வந்தோர் படும் துன்பம் சொல்லுந் தரமன்று. கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்து சீழ்க்குளங்கள் போல ஆகும். உடுத்த ஆடை பட்டாலும், படுக்கையில் புரண்டாலும் தோல் எரியும். மதில் இடிந்தமையால் உடலின் நீரும் வெப்பமும் கட்டுக்கடங்காமல் வெளியேறும். வெளியிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் உள்ளே புகுந்து குருதியை நஞ்சாக்கும். இதயமும் சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்து உயிர் நீங்குதலும் உண்டு. தோல் நோயால் உயிருக்கு என்ன இடர் என்று எண்ணுவோர்க்கு இந்நோய் தக்க விடையாகும்.

இந்நோயில் மருத்துவரை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று உண்டு. கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து ஆராய்ந்தபோது அதில் நுண்ணுயிர் எதுவும் காணப்படவில்லை, வெள்ளணுக்களே நிறைந்திருந்தன. எதிர்த்துப் போரிடப் பகைவன் இல்லை. ஆயினும் படை திரண்டு வந்துள்ளது. அப்படையை அழைத்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை கிடைக்க, சும்புஷ் எழுதிய பின்னர் நூறாண்டுகள் சென்றன.

விடை காண அத்துணைக் காலம் ஆனமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, நோயின் அருமை. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றினாலும் இத்தகைய நோயாளர் ஓரிருவரையே காணக்கூடும். சிலரைக் கண்டு பொதுவிதி கூறுதல் அரிது. இரண்டாவது, நோயின் இயல்பு. இது எழுந்து எழுந்து அடங்குவது. மருந்து கொடுத்த பின்னர் நோய் தணிந்தால், மருந்தினால் தணிந்ததா, தானே தணிந்ததா என்று உறுதி கூற இயலாது. மூன்றாவது, பொருள். ஒரு புதிய மருந்தை உருவாக்கப் பெருஞ்செலவும் பல ஆண்டு உழைப்பும் வேண்டும். வாங்குவோர் சிலரேயாயின், அதனை ஆக்க முன்வருவோரும் சிலரேயாவர்.

அதனால், பிற நோய்களுக்கென வந்த மருந்துகளையே மருத்துவர்கள் இதற்கும் கொடுத்துப் பார்த்தனர். அண்ணீரகச் சுரப்பியின் புறணியில் ஊறும் பொருள்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவரும் 1950-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வாராய்ச்சியின் பயனாக வந்த கார்ட்டிசோன் வகை மருந்துகள் அழற்சியைத் தணிப்பதில் வல்லவை. ஆனால் இந்நோயில் அவை இருபுறமும் கூருள்ள வாளாயின. அவற்றைத் திடீரென நிறுத்தினால், தணிந்திருந்த கொப்புளங்கள் முன்னினும் கடுமையாக எழுதல் கண்டனர். மெத்தோட்ரெக்சேட்டு என்னும் மருந்து சிலர்க்குப் பயன்பட்டது. எனினும் அது கல்லீரலுக்கு ஊறு செய்யக்கூடியது. உயிர்ச்சத்து ஏ-யின் இனத்தைச் சேர்ந்த சில மருந்துகளும் பயன்பட்டன. அவையோ கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெருங்கேடு விளைப்பவை. கருவுற்ற காலத்திலும் இந்நோய் எழுவதுண்டு என்பதனை எண்ணினால், மருத்துவர் பட்ட இடர்ப்பாடு விளங்கும். காரணம் அறியாது கொடுக்கும் மருந்து இருளில் எய்யும் அம்பு போன்றது. அது சிற்சில வேளை குறியிற் படும்; பல வேளை வேறிடத்திற் படும்.

இவ்விருளில் முதல் விளக்கு ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள தூனிசியா நாட்டில் ஏற்றப்பட்டது. அந்நாட்டின் ஸ்பாக்ஸ் நகர மருத்துவமனையில் பணியாற்றிய ஸலாஹுத்தீன் மர்ரக்சி என்னும் மருத்துவரும், பாரிசு நகரில் மரபணு ஆராய்ச்சி செய்த அஸ்மா ஸ்மாஹி என்னும் அம்மையாரும், அவர்தம் துணைவர்களும் ஒன்றுசேர்ந்து 9 தூனிசியக் குடும்பங்களை ஆராய்ந்தனர். அக்குடும்பங்களில் இந்நோய் வழிவழியாக வந்துகொண்டிருந்தது. பெற்றோர் நோயின்றி இருப்பர். பிள்ளைகளுள் சிலர்க்கு மட்டும் நோய் தோன்றும். தாயிடமும் தந்தையிடமும் பழுதுற்ற மரபணு ஒவ்வொன்று மறைந்து கிடக்க, இரண்டும் ஒரு குழந்தையிடம் வந்து சேரும்போது நோய் வெளிப்படும் முறை இது. நோயுற்றோர், நோயற்றோர் ஆகிய இருதிறத்தாரின் மரபணுக்களையும் ஒப்பிட்டு நோக்கி, பழுது இருக்குமிடத்தை அவர்கள் கண்டறிந்தனர். 2011-ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியாயிற்று.

அவர்கள் கண்டது யாது? நம் தோலில் இன்டர்லூக்கின்-36 என்னும் தூதுப்பொருள்கள் உண்டாகின்றன. தோலுக்கு இடர் வந்தபோது, 'படையை அனுப்புக' என்று செய்தி சொல்வது அவற்றின் தொழில். உயிரணுக்களின் மேற்புறத்தில் அச்செய்தியை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன. தூதுப்பொருளைத் திறவுகோல் என்றும், ஏற்பியைப் பூட்டு என்றும் கொள்வோம். திறவுகோல் பூட்டில் நுழைந்து திருகியவுடன் கதவு திறக்கின்றது, அழற்சி தொடங்குகின்றது. இச்செயல் வரம்பு கடவாதிருக்க இயற்கை ஒரு காப்பும் வைத்துள்ளது. அதுவும் ஒரு புரதமே. பூட்டில் நுழையும், ஆனால் திருகாது. அது பூட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்வரை மெய்யான திறவுகோல் நுழைய இடமில்லை. அளவுக்கு மிஞ்சிக் கதவு திறவாதபடி காக்கும் இப்பொய்த்திறவுகோலே அத்தூனிசியக் குடும்பத்தாரிடம் பழுதுற்றிருந்தது.

அப்பழுதும் எத்துணைச் சிறியது! புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த மாலை போன்றது. 150-க்கும் மேற்பட்ட மணிகளையுடைய அம்மாலையில் 27-ஆம் இடத்தில் லூசின் இருத்தல் வேண்டும். அவர்களிடத்தில் புரோலின் இருந்தது. ஒரு மணி மாறியமையால் மாலையின் உருவம் நிலைகுலைந்தது. பூட்டை அடைக்கும் காப்பு வலுவிழந்தது. சிறு தூண்டுதல் நேர்ந்தாலும் கதவு அகலத் திறந்து, படை அலையலையாக வந்தது. பகைவனில்லாத போர்க்களத்தின் மறைபொருள் இதுவே. அதே ஆண்டில் லண்டனிலும் இந்நோயுடைய, ஒருவர்க்கொருவர் உறவில்லாத 5 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். அவர்களுள் 3 பேரிடம் இதே மரபணுவில் பழுது காணப்பட்டது. ஆகவே, இது தூனிசியாவுக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பது தெளிவாயிற்று.

காரணம் தெரிந்தபின் வழியும் தெரிந்தது. பொய்த்திறவுகோல் செய்யத் தவறிய வேலையை வேறொன்று செய்தல் வேண்டும். பூட்டை மூடவல்ல ஒரு பொருளை ஆக்கிவிட்டால் கதவு திறவாதன்றோ? அத்தகைய பொருளை ஆக்கும் கலையும் அதற்கு முன்னரே உருவாகியிருந்தது. 1975-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும், குறித்த ஒரு பொருளை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள்களை ஒரே வார்ப்பாகப் பெருமளவில் ஆக்கும் முறையைக் கண்டிருந்தனர். அவ்விருவர்க்கும் 1984-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அம்முறையின் வழிவந்த அறிவைக் கொண்டு, இன்டர்லூக்கின்-36 ஏற்பியை மட்டும் பற்றி மூடும் எதிர்ப்பொருள் ஒன்றனை ஜெர்மனி நாட்டின் போரிங்கர் இங்கெல்கைம் நிறுவனத்தார் ஆக்கினர். அதன் பெயர் ஸ்பெசோலிமாப்.

மருந்து ஆக்கப்பட்டதும் அது நோய் தீர்க்கும் என்று நம்பிவிடலாகாது. அதனைச் சோதித்து அறிதல் வேண்டும். முதலில் 7 நோயாளர்க்கு ஒரே ஒரு முறை அம்மருந்தைக் குருதிக் குழாய் வழியாகச் செலுத்தினர். ஒரு வாரத்திற்குள் 5 பேர்க்குத் தோல் முழுதும் தெளிந்தது, அல்லது ஏறக்குறையத் தெளிந்தது. நான்காம் வாரத்திற்குள் எழுவர்க்கும் அந்நிலை வந்தது. 2019-ஆம் ஆண்டில் வெளியான இச்செய்தி மருத்துவ உலகில் பெரும் நம்பிக்கையை ஊட்டிற்று. எனினும் முன்னர்க் கூறிய ஐயம் இங்கும் எழுந்தது: நோய் தானே தணிந்திருத்தல் கூடாதா?

இவ்வையத்தைப் போக்கப் பல நாடுகளிலிருந்து 53 நோயாளர் பங்குகொண்ட சோதனை ஒன்று நடைபெற்றது. அவர்களுள் 35 பேர்க்கு மருந்தும், 18 பேர்க்கு மருந்தில்லாத வெறும் நீர்மமும் செலுத்தப்பட்டன. யார்க்கு எது என்பதை முன்கூட்டி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் அது முடிவாயிற்று. நோயாளரும் அதனை அறியார். அவர்களைப் பார்த்து நோயின் அளவைக் குறித்த மருத்துவரும் அறியார். விருப்பும் வெறுப்பும் கண்ணை மறைக்காதிருத்தற்கே இவ்வேற்பாடு. ஒரு வாரம் சென்றபின் பார்த்தபோது, மருந்து பெற்ற 35 பேருள் 19 பேரிடம் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் ஒன்றேனும் இல்லை. வெறும் நீர்மம் பெற்ற 18 பேருள் ஒருவர்க்கே அந்நிலை வாய்த்தது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் இம்முடிவு வெளியாயிற்று.

கடும் நோயில் துடிக்கும் ஒருவர்க்கு வெறும் நீர்மத்தைச் செலுத்துதல் அறமாகுமா என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. சோதனையை வகுத்தவர்களும் அதனை எண்ணியே, எட்டாம் நாளில் தேவைப்படுவோர் எவரும் மெய்ம்மருந்தைப் பெறலாம் என்று விதித்திருந்தனர். இடையில் உயிருக்கு இடர் மிகுந்தால் வழக்கமான மருத்துவம் செய்யவும் வழி வைத்திருந்தனர். உண்மையை அறியும் வேட்கையும் நோயாளர்மீது கொண்ட பரிவும் ஒன்றையொன்று மறந்துவிடலாகாது. அவ்விரண்டனையும் ஒருங்கு பேணுதலே இக்கால மருத்துவ ஆராய்ச்சியின் கடமையாகும். உறுதியில்லாத ஒரு மருந்தைத் தம் உடம்பில் ஏற்க இசைந்த அந்த 53 பேருடைய துணிவும் போற்றத்தக்கதன்றோ?

2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டு அரசின் மருந்து ஆய்வுத்துறை இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இந்நோய் எழுந்து வருத்தும்போது அதனைத் தணிப்பதற்கென அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவே. எழுந்த நோயைத் தணிப்பதோடு, எழாமலே தடுக்க இயலுமா என்பதனையும் பின்னர் ஆராய்ந்தனர். 48 வாரங்கள் நடந்த அச்சோதனையில், வெறும் நீர்மம் பெற்ற 31 பேருள் 16 பேர்க்கு நோய் மீண்டும் எழுந்தது. மிகுந்த அளவில் மருந்து பெற்ற 30 பேருள் 3 பேர்க்கே எழுந்தது. 2024-ஆம் ஆண்டில் 12 அகவை நிரம்பிய சிறுவர்க்கும், 40 கிலோகிராம் எடைக்குக் குறையாதவராயின், இம்மருந்தை அளிக்கலாம் என ஒப்புதல் கிடைத்தது.

இவ்வெற்றியை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. மருந்து பெற்றவர் அனைவர்க்கும் ஒரே வாரத்தில் கொப்புளம் நீங்கிவிடவில்லை. காவற்படையை ஓரளவு அடக்குவதால், மருந்து பெற்றோர்க்கு வேறு தொற்றுகள் வரக்கூடும். ஆதலின் மருத்துவர் விழிப்போடு இருத்தல் வேண்டும். உள்ளே கிடக்கும் மரபணுவின் பழுதை இம்மருந்து சீர்செய்வதுமில்லை. அப்பழுதினால் விளையும் கேட்டையே தடுக்கின்றது. விலையும் மிகுதி. எளியோர் கைக்கு எட்டாத மருந்து பாதி வெற்றியே ஆகும்.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. இந்நோயுடையார் பலரிடம் அந்த மரபணுவில் பழுது காணப்படுவதில்லை. ஆயினும் அவர்களிடத்திலும் அதே பூட்டின் வழியாகவே அழற்சி பெருகுகின்றது. பழுதுள்ளார், இல்லார் ஆகிய இருதிறத்தார்க்கும் அம்மருந்து பயன்பட்டது. தூனிசியாவின் 9 குடும்பத்தார் ஆராய்ச்சிக்கெனத் தந்த குருதித்துளிகள், அவர்கள் முகம் அறியாத பிறநாட்டு நோயாளரையும் காக்கும் அறிவாக மலர்ந்தன. மிகச் சிலரை நுணுகி நோக்கியதனால், தோலின் அழற்சி எங்ஙனம் எழுந்து எங்ஙனம் அடங்குகின்றது என்னும் பொதுவான உண்மையும் விளங்கிற்று.

அரிய நோய்களுக்கு மருந்து தேடுவோர்க்கு ஊக்கமளித்தல் அரசின் கடமை என்பதனையும் உலகம் மெல்ல உணர்ந்து வருகின்றது. அமெரிக்க நாடு 1983-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றியது. அந்நாட்டில் 2,00,000-க்குக் குறைவானோர்க்கு வரும் நோயை அரிய நோயாகக் கொண்டு, அதற்குப் புது மருந்து ஆக்குவோர்க்கு 7 ஆண்டுத் தனி விற்பனை உரிமையையும் வரிச்சலுகையையும் அச்சட்டம் வழங்கிற்று. வேறு நோய்க்கென வந்த மருந்தை ஆராய்ந்து அரிய நோய்க்குப் பயன்படுத்தும் வழியும் இன்று செம்மை பெற்றுள்ளது. நிணநீர்ப் புற்றுக்கென வந்த ரிட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்பொருள், பெம்பிகஸ் என்னும் கொடிய கொப்புள நோய்க்கும் உரியதென 2018-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. முன்னாளில் இருளில் எய்த அம்பு, இன்று குறி அறிந்து எய்யப்படுகின்றது.

மாணவர்களே! நூறு பேருக்கு வரும் நோயினும் நூறாயிரம் பேருக்கு வரும் நோயே பெரிதென்று கணக்கு நூல் கூறலாம். ஆனால் நோயுற்றவனுக்கு அவனுடைய துன்பம் முழுத்துன்பமே. சிலர்க்கே வருவது என்பதனால் அவனுடைய எரிச்சல் சிறிதும் குறைவதில்லை. தோலில் நோய் கண்டோரை நெருங்கவும் தொடவும் அஞ்சுவோர் இன்றும் பலர். இங்குக் கூறிய நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. அக்கொப்புளங்களில் நுண்ணுயிர் இல்லை என்பதனை முன்னரே கண்டோம். அறிவு பரவினால் அவ்வச்சம் நீங்கும். மருந்து காணும் ஆற்றல் நம்முள் சிலர்க்கே வாய்க்கும். நோயுற்றாரை ஒதுக்காது அருகில் அமர்ந்து பேசும் அன்போ எல்லார்க்கும் இயலும். அவ்வன்பும் ஒரு மருந்தே.